ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சீட்டாட்ட சாம்பியன்! - ஜானி மாஸ் கதை

கிரிக்கெட்டில் யார் பெஸ்ட் என்று கேட்டால், உடனே டெஸ்ட்டா, டி20யா என்று திருப்பிக் கேட்போம் இல்லையா? போக்கர் உலகத்திலும் அதே சண்டை உண்டு. அந்தச் சண்டையின் முதல் அத்தியாயத்திலேயே இருப்பவர் ஜானி மாஸ்.

1907-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தவர். சின்ன வயசிலேயே சீட்டு கையில் வந்துவிட்டது. கற்றுக்கொடுத்தவர்கள் யார் தெரியுமா? ஊரில் இருந்த ஏமாற்றுப் பேர்வழிகள்! டீன் ஏஜில் ஒரு மதுக்கடையில் வேலை கிடைத்தது. ஆட்டத்தில் யாராவது தில்லாலங்கடி செய்கிறார்களா என்று கண்காணிக்கிற வேலை. திருட்டு வித்தை தெரிந்தவனுக்கே காவல் வேலை. அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்ததுதான் அவருடைய கல்லூரிப் படிப்பு.

அப்புறம் ஊர் ஊராகப் போய் சீட்டாடுவதே பிழைப்பானது. லாஸ் வேகாஸில், நிக் டான்டலோஸ் என்ற பிரபல சூதாடியோடு ஐந்து மாதம் ஒற்றைக்கு ஒற்றை மோதி ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. 1949-ல், பென்னி பினியனின் ஹார்ஸ்ஷூ கேசினோவில் நடந்ததாகச் சொல்வார்கள். சிக்கல் என்னன்னா, அந்த கேசினோ திறந்ததே 1951-ல்தான்! அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் உப்பு போட்டுத்தான் சாப்பிடணும்.

அடுத்தது உறுதியான விஷயம். 1970-ல் பினியன், பெரிய ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு முதல் 'வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர்' நடத்தினார். பல வகை ஆட்டங்களை சொந்தக் காசு வைத்து ஆடினார்கள். கடைசியில் யார் பெஸ்ட் என்று ஆடினவர்களே ஓட்டுப் போட்டார்கள். முதல் ரவுண்டில் எல்லோருமே தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்கொண்டார்கள், அப்புறம் இரண்டாவது சிறந்த ஆள் யார் என்று கேட்ட பிறகுதான் முடிவு வந்தது என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஜெயித்தது மாஸ். பரிசு, ஒரு வெள்ளிக் கோப்பை.

கூட உட்கார்ந்து ஆடியவர்களைவிட நல்ல நடுவர் யார்? ஆனால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஓட்டில் என்ன த்ரில்? அதனால் 1971-ல் ரூல் மாறியது. ஆளுக்கு 5,000 டாலர் கட்டணும். கையில் இருக்கிற சிப்ஸ் தீர்ந்தால் வெளியே போகணும். மறுபடி காசு போட்டு உட்கார முடியாது. கடைசி ஆள் மொத்தத்தையும் அள்ளலாம். ஆடியவர்கள் ஆறு பேர். அள்ளியது யார்? அதே மாஸ், 30,000 டாலர்! ஓட்டு சொன்னதை மேஜையும் சொன்னது.

1974-ல், 67 வயதான அந்த வருடத்தில், மறுபடியும் ஜெயித்தார். இந்தத் தடவை 16 பேர், 1,60,000 டாலர்.

இந்த நாக்-அவுட் முறைதான் உலகம் முழுக்கப் பரவியது. பார்க்க செம விறுவிறுப்பு, முடிவும் பளிச். ஆனால் சில நாள் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் பெரிய பங்கு எடுத்துக்கொள்ளும். 2003-ல் 839 பேர் ஆடிய மெயின் ஈவென்ட்டில் ஜெயித்தது, இன்டர்நெட்டில் தகுதி பெற்று வந்த ஓர் அக்கவுன்டன்ட். காசு வைத்து மாதக்கணக்கில் ஆடினால் அதிர்ஷ்டம் சமமாகிவிடும், திறமைதான் மிஞ்சும். ஆனால் அதற்கு ஸ்கோர்போர்டு கிடையாது. இந்தக் குறையைப் போக்கத்தான் 2006-ல் ஐந்து வகை ஆட்டங்களைக் கலந்து, 50,000 டாலர் கட்டணத்தில் ஒரு போட்டி தொடங்கினார்கள். ஒரே ஒரு ஆட்டத்தில் கில்லியாக இருந்தால் அங்கே போதாது. ஒரு வகையில் 1970-க்கே திரும்பிய மாதிரிதான்.

அந்தக் கணக்கிலும் மாஸுக்குக் குறையில்லை. 1988-ல், 81 வயதில், மெயின் ஈவென்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வகை ஆட்டத்திலும் ஜெயித்தார்.

ஒரே ஒரு மேஜை மட்டும் அவரை விடவில்லை. போக்கரில் சம்பாதித்ததை டைஸ் மேஜையில் கொண்டுபோய்க் கொட்டியவர் அவர். திறமைக்கு இடமே இல்லாத ஆட்டத்தில் உலக சாம்பியனும் சாதாரண ஆள்தான்.

1995 டிசம்பரில், 88 வயதில் மாஸ் இறந்தார். எந்த ஃபார்மட் பெஸ்ட் ஆளைக் காட்டும் என்ற சண்டை இன்னும் முடியவில்லை. அவர் வாழ்க்கை சொல்கிற பதில் சிம்பிள்: ஒரு தடவை ஜெயிக்க எந்த ஃபார்மட்டும் போதும். பெஸ்ட் என்று பேர் வாங்க, ஃபார்மட் மாறின பிறகும் ஜெயிக்கணும்!