பாஸ்கலின் கணக்குப் பொறி

விடுதியில் எவரேனும் புதுக் கணிப்பொறி வாங்கி வந்தால், அது என்ன செய்யும் என்று கேட்குமுன் விலை என்ன என்றே கேட்கிறோம். அப்போதெல்லாம் எனக்குப் பிளேஸ் பாஸ்கலின் நினைவு வரும்.

1623-இல் பிரான்சு நாட்டுக் கிளேர்மோன் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்தவர். தந்தையார் ரூவான் நகரில் வரி அலுவலர். ஓயாது கூட்டிக் கழித்துக் களைத்த தந்தைக்காகவே 1642-இல் பாஸ்கல் கணக்குப் பொறி செய்யத் தொடங்கினார். ஒரு சக்கரம் முழுச்சுற்று முடித்ததும் அடுத்த சக்கரம் ஓர் இலக்கம் நகரும். அந்நாட்டில் பன்னிரண்டு தெனியே ஒரு சோல், இருபது சோல் ஒரு லிவர். நம் நாட்டில் 1957 வரை வழங்கிய அணா பைக் கணக்கைப் போன்ற தொல்லைதான். அதற்கும் தனிச் சக்கரங்கள் வைத்தார். ஏறத்தாழ ஐம்பது மாதிரிகள் செய்து பார்த்தார். இடையில் கடிகாரத் தொழிலாளி ஒருவர் போலிப் பொறி செய்துவிட, மனம் நொந்து வேலையையே நிறுத்தினார். பெரியோர் ஊக்கியபின் தொடர்ந்தார். 1649-இல் அரசரின் தனியுரிமையும் கிடைத்தது.

விலையோ நூறு லிவர்! விற்றவை இருபதளவே. சக்கரம் பின்னோக்கிச் சுழலாததால் கழித்தலைச் சுற்றிவளைத்தே செய்யவேண்டும் என்ற குறையும் உண்டு. ஆயினும் அதைக் கணக்கர் கைக்கு எட்டாமற் செய்தது விலையே என்பேன். செல்வர் வீட்டு அலங்காரப் பொருளாயிற்று.

1662-இல் அவரே நண்பர்களுடன் பாரிசில் ஐந்து சோல் கட்டணத்தில் பொது வண்டிகளை ஓடவிட்டார். ஒரு பொறியின் விலைக்கு நானூறு முறை ஏறலாம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 39-ஆம் வயதில் மறைந்தார்.