வில்லியம் ஹெர்ஷல்

நாடிய பொருள் கைகூடாவிடினும் நேர்மையான உழைப்பு வீண்போவதில்லை என்பதற்கு வான நூல் வல்லுநராகிய வில்லியம் ஹெர்ஷலின் வாழ்க்கை தக்கதோர் சான்றாகும். அதனை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இவர் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார். தந்தையாரைப் போலவே படையின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1757இல் இங்கிலாந்து சென்று, பின்னர்ப் பாத் நகரத்து ஆலயமொன்றில் ஆர்கன் வாசிப்பவராய் அமர்ந்தார். பகலில் இசை பயிற்றிய இவரை இரவில் வானம் ஈர்த்தது. பெரிய தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்க இயலாமையால், தாமே உலோகத்தை வார்த்து ஆடிகளைத் தேய்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையெடாது தேய்த்திருக்க, தங்கையார் கரோலின் உணவை வாயில் ஊட்டினாராம்.

விண்மீன்களின் தொலைவை அளத்தல் இவர்தம் பெருநோக்கம். ஒளிமிக்க மீனும் மங்கிய மீனும் அருகருகே தோன்றின், முன்னது அண்மையிலும் பின்னது நெடுந்தொலைவிலும் இருக்கும். பூமி ஞாயிற்றைச் சுற்றிவர, அண்மையிலுள்ளது சற்றே இடம்பெயர்ந்து காணும். அப்பெயர்ச்சியால் தொலைவை அறியலாம் எனக் கருதினார். இத்தகைய இரட்டைகளைத் தேடுகையில்தான், 1781 மார்ச் 13ஆம் நாள் இரவு, யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் அளித்து ஆதரித்தார். 1782இல் 269 இரட்டைகளையும் 1785இல் மேலும் 434ஐயும் இவர் பட்டியலிட்டார்.

ஆயினும் தேடிய பெயர்ச்சி புலப்படவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தபோது, காஸ்டர் முதலிய இரட்டைகள் ஒன்றையொன்று சுற்றிவருதலைக் கண்டார். ஒரே தொலைவில் இணைந்து வாழ்பவை ஒன்றற்கொன்று அளவுகோலாதல் யாங்ஙனம்? தம் முறையின் அடிப்படையையே அசைத்த அவ்வுண்மையை அவர் மறைத்தாரல்லர். 1803இல் உலகறிய வெளியிட்டார். விண்மீன் ஒன்றன் தொலைவையும் அளந்தறியாமலே, 1822 ஆகஸ்டு 25ஆம் நாள், தம் 83ஆம் வயதில் காலமானார்.

அவருக்கு உதவாத இரட்டைகளே பிற்காலத்தில் தொலைவின் உரைகல்லாயின. சுற்றும் மீனின் உண்மை வேகத்தை அதன் நிறமாலை கூறும். அது வானில் நகரும் கோணத்தைத் தொலைநோக்கி காட்டும். இரண்டையும் ஒப்பிட, பூமியின் ஓட்டத்தை நம்பாமலே தொலைவு விளங்கும். கார்த்திகைக் கூட்டத்தின் தொலைவு சுமார் 385 ஒளியாண்டு என 1997இல் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோளின் அளவு காட்டியது. அக்கூட்டத்திலுள்ள அட்லஸ் என்னும் இரட்டையோ ஏறத்தாழ 430 என 2004இல் மறுத்தது. பின்வந்த கையா செயற்கைக்கோள் ஏறத்தாழ 440 என அளந்து, இரட்டையின் சான்றையே மெய்ப்பித்தது.

எதிர்பார்த்த விடை வாராதபோது, வந்த விடையைத் தள்ளாது பதிந்துவைத்தலே கற்போர் கடன். அதனை ஹெர்ஷலிடம் நாம் கற்போமாக.