21 போட்டோ, 19 அடி நீளம்... 1858-லேயே பனோரமா எடுத்த மெட்ராஸ் கேப்டன்!

மயிலாப்பூர் தெப்பக்குளம் முழுசும் ஒரே ஷாட்டில் வரணும்னா என்ன பண்ணுவீங்க? பனோரமா மோடு போட்டு, போனை மெதுவா திருப்புவீங்க. பத்து செகண்டில் வேலை முடிஞ்சுடும். இதையே 1858-ல், காகித நெகட்டிவ் வெச்சு தஞ்சாவூரில் ஒருத்தர் செஞ்சிருக்கார். அவர்தான் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்.

1822-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த ட்ரைப், டீன் ஏஜிலேயே கிழக்கிந்திய கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்தார். இடையில் லீவில் ஊருக்குப் போனவர், அங்கே போட்டோகிராபி கத்துக்கிட்டார். திரும்பி வந்ததும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார். 1855-ல் மெட்ராஸில் நடந்த பெரிய பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் வகுப்புப் பதக்கம். அதே வருஷம் பர்மா மன்னரைச் சந்திக்கப் போன தூதுக்குழுவோடு சென்று, 200-க்கும் மேற்பட்ட படங்களோடு திரும்பினார்.

அடுத்து கிடைச்சது, மெட்ராஸ் மாகாண அரசின் போட்டோகிராபர் வேலை. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு ஒரு லாங் ட்ரிப். பெரிய கேமரா, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள், கெமிக்கல்கள்னு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டுதான் இந்தப் பயணம்.

அந்தக் கால பிரிண்ட்டில் நீல வானம் வெறும் வெள்ளையாத்தான் விழும். ட்ரைப் என்ன செஞ்சார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே பிரஷ்ஷால் மேகங்களை வரைஞ்சார். ஆமாங்க, நம்ம ஃபில்டருக்கும் எடிட்டிங்குக்கும் தாத்தா அவர்!

அவரோட உச்சம், தஞ்சைப் பெரிய கோயில். விமானத்தின் அடிப்பகுதியைச் சுத்தி ஓடும் கல்வெட்டுகள் ஒரே ஃபிரேமில் அடங்காது. அதனால் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டினார். மொத்த நீளம் சுமார் 19 அடி. கோபுரம் இல்லை, சாமி இல்லை, மனுஷங்க இல்லை. கல், எழுத்து, வெளிச்சம், நிழல் மட்டும்தான். இன்னிக்கு ஒரு கேலரியில் மாட்டினா, அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்னுதான் நினைப்போம். அவருக்கோ அது ஆவணம்.

மெட்ராஸ் மியூசியத்தில் இருந்த அமராவதி சிற்பங்களையும் 1858-ல் படமெடுத்தார். அடுத்த வருஷமே அவற்றில் பல கப்பலேறி லண்டன் போயிடுச்சு. இன்னிக்கும் அவை பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கு. அவை மெட்ராஸில் இருந்ததுக்கு சாட்சி, ட்ரைப்பின் படங்கள்.

ஆனா அந்த வேலை நிலைக்கலை. 1859-ல் கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இதெல்லாம் வீண் செலவுன்னு முடிவு பண்ணிட்டார். 1860-ல் ட்ரைப்பின் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. ராணுவ வேலைக்கே திரும்பினவர், அதுக்கப்புறம் கேமராவைத் தொட்டதே அபூர்வம். 1902-ல், பிறந்த ஊரிலேயே இறந்துபோனார்.

சுமார் ஆறு வருஷம்தான் முழுமூச்சா படமெடுத்தார். 2014, 2015-ல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு மூணு நகரத்து மியூசியங்கள் அந்தப் படங்களைக் கண்காட்சியா வெச்சுக் கொண்டாடின. ஒரு கவர்னர் வீண் செலவுன்னு ஒதுக்கினது, நம்ம ஊர் கோயில்கள் 160 வருஷத்துக்கு முன்னாடி எப்படி இருந்ததுன்னு நமக்குக் காட்டுது.

அடுத்த முறை பெரிய கோயில் போனா, செல்ஃபி எடுத்த கையோட கொஞ்சம் குனிஞ்சு அந்தக் கல்வெட்டு வரிகளையும் பாருங்க. ட்ரைப் நின்ன இடம் அதுதான்!