ஓட்ட வீரர் கன்னிங்காம்

உழவில் நாள்தோறும் தேயும் ஏர்க்கொழு பளபளவென்று ஒளிரும். கொட்டிலில் கிடக்கும் கொழுவோ துருப்பிடித்துப் பயனற்றுப் போகும். மனித உடலின் தசைகளும் இத்தன்மையனவே. இயங்கும் தசை உரம் பெறும். இயங்காத தசை மெலியும். அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவரின் கால்கள் சில வாரங்களிலேயே இளைத்துவிடுவதைக் காணலாம். ஆதலால், புண் ஆறிவிட்டால் நோயாளியின் வேலை முடிந்துவிடுவதில்லை. இழந்த வலிமையை மீட்கும் கடினமான வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிக் காட்டியவர் அமெரிக்க நாட்டு ஓட்ட வீரர் கிளென் கன்னிங்காம் ஆவார்.

கன்னிங்காம் 1909 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4 ஆம் நாள் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். அகன்ற கோதுமை வயல்களைக் கொண்ட சமவெளி நாடு அது. அவரும் அவருடைய தமையன் ஃபிளாய்டும் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பயின்றனர். குளிர்காலத்தில் வகுப்பறையைச் சூடாக்குவதற்காக அப்பள்ளியில் ஓர் அடுப்பு இருந்தது. 1917 ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை அவ்வடுப்பை மூட்டும்பொழுது பெருந்துயர் நேர்ந்தது. மண்ணெண்ணெய் இருக்க வேண்டிய தகரத்தில் யாரோ தவறுதலாகப் பெட்ரோலை ஊற்றி வைத்திருந்தனர். அஃது அடுப்பில் பட்டதும் தீ வெடித்துப் பரவியது. அவ்விபத்திற்கு ஃபிளாய்டு இரையானான். ஏழெட்டு வயதே நிரம்பிய கிளென் உயிர் தப்பினான். ஆனால், அவனுடைய முழங்கால்களிலும் கணைக்கால்களிலும் சதை தீய்ந்துபோயிற்று. இடக்கால் விரல்கள் அனைத்தும் அழிந்தன. பாதத்தின் வளைவும் சிதைந்தது.

பெனிசிலின் போன்ற மருந்துகள் இல்லாத காலம் அது. புண்ணில் நச்சுக் கிருமிகள் பெருகினால் உயிருக்கே இடர் நேரும். எனவே, கால்களை வெட்டி எடுத்துவிடுதல் நலம் என்று மருத்துவர்கள் கருதினர். அதனைக் கேட்ட சிறுவன் ஆற்றொணாத் துயரத்தில் ஆழ்ந்தான். ஒரு மகனை இழந்து தவித்த பெற்றோர், மற்றொரு மகனின் கால்களையும் இழக்க உடன்படவில்லை. கால்கள் பிழைத்தன. எனினும், அவன் இனி இயல்பாக நடத்தல் அரிது என்றே மருத்துவர்கள் எண்ணினர்.

தீப்புண் ஆறும்பொழுது அதன் மேல் தோன்றும் தழும்பு சுருங்கும் இயல்புடையது. அது மூட்டுகளை இறுக்கிப் பிடித்து, காலை நீட்டவும் மடக்கவும் இயலாதபடி செய்துவிடும். அசைவற்ற காலில் தசையும் வற்றிவிடும். இதனைத் தடுப்பதற்குப் பெற்றோர் அவனுடைய கால்களை நாள்தோறும் நீவிவிட்டனர். மெல்ல மெல்ல நீட்டி மடக்கினர். வலி மிகுதியாக இருந்தது. பயனோ உடனே புலப்படவில்லை. ஆயினும், தாயின் கைகள் ஓயவில்லை. மகனின் நம்பிக்கையும் குன்றவில்லை. விபத்து நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1919 ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில், அவன் மீண்டும் அடியெடுத்து வைக்க முயன்றான்.

முதலில் நிற்பதே அருஞ்செயலாக இருந்தது. பின்னர்ப் பற்றுக்கோடுகளைப் பிடித்துக்கொண்டு நடை பழகினான். சிறிது காலத்தில் ஒரு வியப்பான உண்மை அவனுக்குப் புலனாயிற்று. நடக்கும்பொழுது தாங்க முடியாத வலி உண்டாயிற்று. ஓடும்பொழுதோ அவ்வலி தோன்றவில்லை. ஆகவே, நடக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அவன் ஓடியே சென்றான். இவ்வாறு பல ஆண்டுகள் ஓடியதனால் மெலிந்த கால்கள் திரண்டன, மூச்சும் வலுப்பெற்றது. தீயில் வெந்த அச்சிறுவன் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஓட்ட வீரராக வளர்ந்தார்.

எனினும், பழைய காயம் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. தழும்பேறிய கால்களில் குருதியோட்டம் குறைவாக இருந்தது. அதனால் ஒவ்வொரு பந்தயத்திற்கு முன்னும் அவர் கால்களை நீவி, மெல்ல ஓடி, நெடுநேரம் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பிற வீரர்களுக்குச் சில நிமிடங்களில் முடியும் ஆயத்தம் அவருக்கு ஒரு தனிப் பயிற்சியாகவே அமைந்தது. புகழ் வளர்ந்த பின்னரும் அவர் அதனைக் கைவிடவில்லை.

1932 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவர் நான்காம் இடம் பெற்றார். 1934 ஆம் ஆண்டில் ஒரு மைல் தொலைவை 4 நிமிடம் 6.8 வினாடியில் ஓடி, உலகச் சாதனை படைத்தார். அச்சாதனை மூன்று ஆண்டுகள் நிலைத்து நின்றது. 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டியில் 1,500 மீட்டர் ஓட்டத்தை 3 நிமிடம் 48.4 வினாடியில் முடித்தார். அது முந்தைய உலகச் சாதனையினும் விரைவானது. ஆயினும், நியூசிலாந்து வீரர் ஜாக் லவ்லக் 3 நிமிடம் 47.8 வினாடியில் ஓடித் தங்கப் பதக்கத்தைப் பெற்றார். கன்னிங்காம் வெள்ளிப் பதக்கம் பெற்றார். தோல்வியால் அவர் சோர்ந்துவிடவில்லை. அதே திங்களில் ஸ்டாக்ஹோம் நகரில் 800 மீட்டர் ஓட்டத்தில் புதிய உலகச் சாதனையை நிகழ்த்தினார்.

1940 ஆம் ஆண்டில் கன்னிங்காம் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். உடற்பயிற்சிக் கல்வியில் முனைவர் பட்டம் பெற்ற அவர், கல்லூரியில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். பின்னர்த் தம் மனைவியுடன் கான்சாஸில் பண்ணை ஒன்றை அமைத்து, ஆதரவின்றித் தவித்த சிறுவர் சிறுமியர் ஆயிரக்கணக்கானோரை அரவணைத்தார். துன்புற்ற பிள்ளையின் உள்ளத்தைத் துன்புற்று வளர்ந்தவரே நன்கு அறிவர் அன்றோ! 1988 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10 ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

காயம்பட்டவர் அனைவரும் உலகச் சாதனை படைத்தல் இயலாது. அதற்கு வேண்டுவதும் இல்லை. புண் ஆறும்வரை பொறுத்திருத்தலும், மருத்துவர் காட்டும் அளவில் உறுப்புகளை நாள்தோறும் இயக்குதலும், நேற்றினும் இன்று ஓர் அடி கூடுதலாக நடத்தலுமே வேண்டும். கன்னிங்காமின் பெருவெற்றி பந்தயத் திடலில் தொடங்கவில்லை. வலியால் துடித்த சிறுவனின் கால்களை அன்னையின் கைகள் நீவிய அந்த எளிய வீட்டிலேயே அது தொடங்கியது.