வாள் வாங்கிய நவாப்

ஏர்பேடு, ரேணிகுண்டா, காளஹஸ்தி வட்டாரத்தில் பிழைப்புக்காக வந்து தங்கியிருக்கும் தமிழர்களில் பலர், ஏதாவது ஒரு வேலையாக ஐதராபாத் போய் வருவதுண்டு. போனவர்கள் சார்மினாரைப் பார்ப்பார்கள். மூசி நதிக்கரையில் இருக்கும் சாலார் ஜங் மியூசியத்துக்கும் போவார்கள். அங்கே மணி அடிக்கும் பெரிய கடிகாரத்தின் முன் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, 12 அடித்ததும் திரும்பி விடுவார்கள்.

அதே கட்டிடத்தில் ஆயுதங்கள் வைத்திருக்கும் கூடம் ஒன்று இருக்கிறது. மொகலாய மன்னர்களின் வாள்கள், திப்பு சுல்தானின் ஆயுதம், கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசனின் ஆயுதம் என்று வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானியப் பொருள்கள் உள்ள பகுதியில் சாமுராய் வீரர்களின் வாள்களும் உண்டு.

இத்தனையும் யார் வாங்கிச் சேர்த்தது? ஓர் அரசாங்கமா? இல்லை. பெரும்பாலானவற்றை வாங்கியவர் ஒரே ஒரு மனிதர். அவர்தான் நவாப் மிர் யூசுப் அலிகான், மூன்றாவது சாலார் ஜங். சாலார் ஜங் என்ற பட்டத்துக்குப் போர்ப்படைத் தலைவர் என்று பொருள். ஆனால் அவருடைய கைக்கு வாள்கள் வந்ததெல்லாம் விலை பேசித்தான்.

தந்தை முகம் அறியாத பிள்ளை

அவர் 1889-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி புனாவில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. தந்தை இரண்டாவது சாலார் ஜங் காலமாகி விட்டார். ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் அவர். இறந்தபோது வயது 26-தான்.

பாட்டனார் முதலாவது சாலார் ஜங் இன்னும் பெரிய பெயர் பெற்றவர். 1853-ம் ஆண்டு 24-வது வயதில் திவான் ஆகி, 1883-ல் இறக்கும் வரை 30 ஆண்டுகள் சமஸ்தானத்தை நிர்வாகம் செய்தவர். கடனில் மூழ்கிக் கிடந்த கஜானாவைக் கரையேற்றியவர். வாடியிலிருந்து சிகந்தராபாத்துக்கு 1874-ல் ரயில் ஓடத் தொடங்கியதும் அவருடைய காலத்தில்தான். அரிய பொருள்களை வாங்கும் வழக்கத்தை அந்தக் குடும்பத்தில் தொடங்கி வைத்தவரும் அவரே. மியூசியத்தில் எல்லோரும் பார்த்து வியக்கும், முகத்திரை போட்ட ரெபெக்கா சிலையை 1876-ல் இத்தாலியில் வாங்கி வந்தவர் அவர்.

இப்படி ஒரு பாட்டனாரின் பெயரைச் சுமந்து வளர்ந்தது தந்தையில்லாப் பிள்ளை. ஜாகீரையும் குடும்பத்தையும் ஆறாவது நிஜாம் மகபூப் அலிகான் தம் பாதுகாப்பில் வைத்துக் கொண்டார். சிறுவன் நிஜாம் கல்லூரியில் படித்தான். வயது வந்ததும் ஜாகீரும் பட்டமும் அவன் கைக்கு வந்தன.

23 வயதில் திவான்

1911-ல் ஏழாவது நிஜாம் மிர் உஸ்மான் அலிகான் பட்டத்துக்கு வந்தார். மறு ஆண்டே யூசுப் அலிகானைத் திவான் ஆக்கினார். அப்போது அவருக்கு வயது 23. பாட்டனாரும் தந்தையும் உட்கார்ந்த நாற்காலி. ஊரே திரும்பிப் பார்த்தது.

ஆனால் இரண்டு ஆண்டுகள்தான். 1914-ம் ஆண்டு நவம்பரில் பதவியை விட்டு வெளியே வந்தார். அதன்பின் 1919 வரை வேறு திவானே இல்லை. நிஜாம் தாமே நேராக நிர்வாகம் செய்தார்.

25 வயதில் பெரிய பதவி ஒருவனை விட்டுப் போனால் என்ன செய்வான்? சிலர் கோபத்தில் காலத்தைக் கழிப்பார்கள். சிலர் மறுபடியும் பதவிக்காக அரண்மனை வாசலில் காத்திருப்பார்கள். யூசுப் அலிகான் தம்முடைய திவான் தேவடி மாளிகைக்குத் திரும்பினார். கையில் ஜாகீர் வருமானம் இருந்தது. கல்யாணம் செய்து கொள்ளவில்லை. மீதி இருந்த 35 ஆண்டுகளையும் வாங்குவதிலேயே செலவிட்டார்.

தேவடி வாசலில் வியாபாரிகள்

சீனப் பீங்கான், பாரசீகக் கம்பளம், பச்சைக் கல்லில் செதுக்கிய கிண்ணம், தந்தச் சாமான், ஓலைச்சுவடி, ஓவியம், கடிகாரம், வாள் என்று இன்னதுதான் என்ற கணக்கில்லை. நல்ல பொருளாக இருந்தால் வாங்குவார் என்ற செய்தி பரவியது. பல தேசத்து வியாபாரிகளும் தேவடி வாசலைச் சுற்றியபடியே இருந்தார்கள். வெளிநாடுகளில் அவருக்கு ஏஜெண்டுகள் இருந்தார்கள். கடைகளும் ஏலக் கம்பெனிகளும் பட்டியல் அனுப்பின. அவரும் ஐரோப்பாவுக்கும் மேற்கு ஆசிய நாடுகளுக்கும் போய், நேரில் பார்த்து வாங்கி வந்தார்.

பழைய வாள் வியாபாரம் மற்ற வியாபாரம் போல் அல்ல. துணிக்குக் கெஜத்துக்கு இவ்வளவு, தங்கத்துக்குப் பவுனுக்கு இவ்வளவு என்று சொல்லி விடலாம். வாளுக்கு அப்படி விலை கிடையாது. இரும்பின் எடைக்குப் போட்டால் சில ரூபாய்தான் தேறும். அதே வாள் ஓர் அரசன் இடுப்பில் தொங்கியது என்று தெரிந்தால் விலை நூறு மடங்காகும்.

ஆகவே வாங்குபவன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது இரும்பு. தெற்கத்தி உருக்கில் அடித்த பழைய வாளாக இருந்தால், அலகின் மேல் தண்ணீர் அலை போல வரிகள் ஓடும். அந்த உருக்கு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. நிஜாமாபாத் பக்கம் கோனசமுத்திரம் என்ற ஊரில் அது தயாரானது. பாரசீக வியாபாரிகள் அவ்வளவு தூரம் வந்து வாங்கிப் போனார்கள். ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் கூட நம் உருக்கு, கன்னடத்து உக்கு என்ற சொற்களிலிருந்து போனதுதான் என்பார்கள்.

இரண்டாவது எழுத்தும் முத்திரையும். அலகில் தங்கக் கம்பி பதித்து, செய்தவன் பெயரையும் உடையவன் பெயரையும் எழுதுவது வழக்கம். மோசடி நடப்பதும் இங்கேதான். இஸ்பகான் நகரத்து அசதுல்லா என்ற கொல்லனின் பெயர், அவன் கையே படாத எத்தனையோ வாள்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது. திப்புவின் ஆயுதங்களுக்குப் புலியின் உடம்பில் உள்ளது போன்ற வரி அடையாளம் உண்டு. அது விலையை உயர்த்தும் என்று தெரிந்தால், புதிதாக வரி போடுகிறவனும் வருவான்.

மூன்றாவது, கை மாறிய வரலாறு. யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தச் சண்டையில் எடுத்தது, எந்த வீட்டில் இருந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். சங்கிலி அறுந்தால் பாதி விலை போயிற்று.

ஜப்பானிய வாள் கடல் கடந்த கதை

ஜப்பானில் சாமுராய் என்ற போர்வீரர் குலத்தார் நீண்ட வாள் ஒன்றும் குட்டை வாள் ஒன்றும் ஜோடியாக இடுப்பில் செருகிக் கொள்வார்கள். நீண்டது கத்தானா. குட்டையானது வாகிஸாஷி. ஜோடியாக அணிவது அந்தக் குலத்துக்கே உரிய உரிமை.

1876-ம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. இனிமேல் படையினர், போலீசார் போன்றவர்கள் தவிர மற்ற யாரும் பொது இடத்தில் வாள் அணியக் கூடாது. பரம்பரை மானியமும் அந்தக் காலத்தில்தான் நின்றது. சாமுராய் குடும்பங்கள் பல வறுமையில் விழுந்தன. தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த வாளைக் குறைந்த விலைக்கு விற்றார்கள். வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். அப்படித்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பணக்காரர்களின் வீட்டுச் சுவர்களுக்கு ஜப்பானிய வாள் வந்து சேர்ந்தது. கைப்பிடிக்கு முன்னால் உள்ள வட்டத் தகட்டை மட்டும் தனியாகக் கழற்றி விற்றதும் உண்டு.

1945-ல் இரண்டாவது அலை வந்தது. மலேயாவிலும் பர்மாவிலும் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் வாள்களை ஒப்படைத்தார்கள். அவற்றில் பழைய பரம்பரை வாளும் இருந்தது. பாக்டரியில் மொத்தமாகச் செய்த ராணுவ வாளும் இருந்தது. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

வித்தியாசம் காண வழி உண்டு. கைப்பிடியில் உள்ள சிறு மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். உள்ளே மறைந்திருக்கும் இரும்பு அடியில்தான் கொல்லன் தன் பெயரை வெட்டியிருப்பான். அந்த அடியில் படிந்த துருவின் நிறம் வாளின் வயதைச் சொல்லும். விஷயம் தெரியாதவன் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வாளின் மதிப்பு அத்தோடு போயிற்று. கூர் விளிம்பு ஓரமாக மேகம் போல ஒரு வெள்ளை வரி ஓடும். சூடேற்றித் தண்ணீரில் தோய்க்கும்போது உண்டாவது அது. எவ்வளவு கெட்டிக்காரப் போலிக்காரனும் தேய்ப்பாலும் அமிலத்தாலும் அதை அப்படியே கொண்டு வர முடியாது.

அசலும் நகலும்

சாலார் ஜங் வாங்கியதெல்லாம் அசல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஐரோப்பிய ஓவியங்களில் பிரதிகளும் உண்டு. சில பொருள்கள் இன்ன மன்னருடையவை என்பதற்குப் பரம்பரைப் பேச்சுதான் ஆதாரம். பணக்காரர் ஆசைப்படுகிறார் என்று தெரிந்தால் விற்பவன் சும்மா இருப்பானா?

ஆனாலும் அவருடைய வழி ஒரு வகையில் வேறானது. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவார்கள். விலை ஏறும் வரை வைத்திருந்து கை மாற்றுவார்கள். அவர் லாபத்துக்காக வாங்கவில்லை. வந்த பொருள் தேவடியிலேயே தங்கியது. அறைகள் நிரம்பின. மற்ற மாளிகைகளும் நிரம்பின. தாம் சேர்த்தவற்றை ஒரு மியூசியமாக வைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

அந்த எண்ணம் அவர் உயிரோடு இருக்கும்போது நிறைவேறவில்லை. 1948-ம் ஆண்டு செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. அடுத்த ஆறு மாதத்துக்குள், 1949-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி அவர் காலமானார். கடைசியாக அவர் வாங்கியது, திப்பு சுல்தானுடையவை என்று சொல்லப்பட்ட தந்த நாற்காலிகள்.

வாரிசு இல்லை

பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. 40,000-க்கும் மேற்பட்ட கலைப்பொருள்கள் இருந்தன. ஆயிரக்கணக்கான கையெழுத்துச் சுவடிகள் இருந்தன. உறவினர்கள் உரிமை கோரினார்கள். ஜாகீர்களின் காலமும் முடிந்து கொண்டிருந்தது. பங்கு பிரித்து ஏலம் போட்டிருந்தால் எல்லாம் சில மாதங்களில் சிதறியிருக்கும். பாட்டனார் முதல் மூன்று தலைமுறை சேர்த்தது, மூலைக்கு ஒன்றாகக் கப்பலேறியிருக்கும்.

அரசாங்கம் ஒரு கமிட்டியை நியமித்து எஸ்டேட்டைக் காத்தது. அப்போது ஐதராபாத் நிர்வாகத்தின் தலைவராக இருந்த எம்.கே. வெள்ளோடி, பொருள்களை ஒழுங்குபடுத்திக் காட்சிக்கு வைக்கத் தகுந்த ஆளைத் தேடினார். அழைப்பு போனது டாக்டர் ஜேம்ஸ் கசின்சுக்கு. அயர்லாந்தில் பிறந்து, அன்னி பெசண்ட் அம்மையாரின் அழைப்பில் 1915-ல் இந்தியா வந்தவர் அவர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக் கல்லூரியில் பணியாற்றியவர். 1919-ல் ரவீந்திரநாத் தாகூர் அங்கே வந்து தங்கி, ஜனகணமன பாட்டை ஆங்கிலத்தில் எழுதியது அவருடைய விருந்தினராக இருந்தபோதுதான். திருவனந்தபுரத்தில் ஓவியக்கூடம் அமைத்த அனுபவமும் அவருக்கு இருந்தது.

மாளிகைகளில் சிதறிக் கிடந்த பொருள்கள் திவான் தேவடியில் ஒன்று சேர்க்கப்பட்டன. 1951-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பிரதமர் நேரு மியூசியத்தைத் திறந்து வைத்தார். உரிமை வழக்கு ஐகோர்ட் மூலமாக 1958-ல் சமரசத்தில் முடிந்து, நிர்வாகம் மத்திய அரசிடம் வந்தது. 1961-ல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றி அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. 1968-ல் மூசி நதிக்கரையில் உள்ள இப்போதைய கட்டிடத்துக்கு மாறியது.

சிதறியிருந்தால்?

சிதறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1799-ம் ஆண்டு மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, திப்புவின் படுக்கை அறையில் இருந்த வாள் ஒன்று ஆங்கிலேயர் கைக்குப் போனது. அது 2023-ம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. விலை 1 கோடியே 40 லட்சம் பவுன். நம் பணத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல். அதை ஏலத்தில் எடுத்தவர் காட்டினால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும்.

1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இத்தகைய பழம்பொருளைத் தனி ஆள் இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. விற்கும் வியாபாரிக்கு லைசென்சு வேண்டும். யூசுப் அலிகான் வாங்கிய காலத்தில் அந்தச் சட்டம் இல்லை. விற்றுக் காசாக்க நினைத்திருந்தால் அவரைத் தடுக்க அந்தச் சட்டம் வந்திருக்காது.

பாட்டனாரின் பட்டம் அவருக்கு வந்தது. நாற்காலி இரண்டு ஆண்டு மட்டும் வந்தது. பெயர் சொல்லப் பிள்ளை வரவில்லை. ஆனால் தினமும் நூற்றுக்கணக்கான பேர் அவர் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் நவாபுகள் மட்டும் தொட்ட வாளைக் கூலித் தொழிலாளியும் குமாஸ்தாவும் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்டு நின்று பார்க்கிறார்கள்.

மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்த முறை போகிறவர்கள் கடிகாரம் 12 அடித்ததும் புறப்பட்டு விடாமல், அந்த வாள்களையும் ஒரு முறை பார்த்து வரலாம்.