உயிரணுவின் பெருக்கத்தைத் தடுத்தவர்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அக்காலச் சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு; கல்வி பயின்றதோ சென்னையில். இன்று சைனிக்புரியில் தமிழ்க் குழந்தைகள் தெலுங்கு மண்ணில் பயில்கின்றனர். அன்று அவர் தமிழ் மண்ணில் பயின்ற தெலுங்குப் பிள்ளை. பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறையே வென்றார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபின், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் அதனை விரும்பவில்லை. அதனால் அவருக்கு முழு மருத்துவப் பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் குறைந்த தகுதிச் சான்றிதழே கிட்டியது. இதனினும் பெருந்துயரம் இல்லத்தில் நேர்ந்தது. உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, இரத்தம் குன்றி, உடல் மெலியும் ஸ்புரூ என்னும் நோயால் அவருடைய சகோதரர் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய்க்கு மருந்து தேடும் வேட்கை அவரைவிட்டு அகலவில்லை.

1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். உயிரணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் ஏ.டி.பி. என்னும் பொருளை அங்கு ஃபிஸ்க்குடன் இணைந்து கண்டறிந்தார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி அளிக்கவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார்.

அங்கு அவர் வழிநடத்திய குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இவ்வமிலத்தின் அருமையை உணர, உயிரணு எவ்வாறு பிரிகிறது என்பதை அறிதல் வேண்டும். நலமான உயிரணு நினைத்தபோதெல்லாம் பிரிவதில்லை. உடலிலிருந்து வரும் குறிப்பு கிடைத்த பின்னரே ஆயத்தமாகும். தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வை முழுதும் படியெடுத்து, படியில் பிழையுண்டா எனச் சரிபார்த்து, அதன்பின்னரே இரண்டாகும். படியெடுப்பதற்கு வேண்டிய மூலப்பொருளை ஆக்க ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் பிரிவு தடைப்படும். விரைந்து பெருக வேண்டிய இரத்த அணுக்களே முதலில் வாடும். சகோதரர்களின் உயிரைக் கவர்ந்த ஸ்புரூ நோய்க்கும் இவ்வமிலமே மருந்தாயிற்று. ஆனால், அவர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

இரத்தப் புற்றுநோயில் நிலைமை தலைகீழ். அங்கு வெள்ளணுக்கள் நிறுத்தக் குறிப்பை மதியாமல் பெருகுகின்றன. பாஸ்டன் குழந்தை நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலம் அப்பெருக்கத்தை மேலும் தூண்டுவதாகக் கருதினார். அவ்வாறெனில் அதனைத் தடுப்பது பயன் தருமன்றோ? சுப்பாராவின் குழு, உருவில் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, செயலில் அதனை முடக்கும் அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கி அனுப்பியது. பூட்டினுள் நுழைந்தும் திறவாது அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி போன்றது அது. படியெடுக்க இயலாத புற்றணு பிரிய இயலாது நின்றது.

1948இல் ஃபார்பர் தம் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. அத்தணிவு சில மாதங்களே நீடித்தது. எனினும், அதுவரை மருந்தே இல்லாதிருந்த நோய் அது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், 53ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே காலமானார். 1922இல் விட்டுச்சென்ற தாய்நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை. அமினோப்டெரினின் வழிவந்த மெத்தோட்ரெக்சேட், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இன்றும் அளிக்கப்படுகிறது.