கன்னியர் மடத்திலிருந்து போர்க்களத்திற்கு

இன்று பொலிவியா எனப்படும் நாட்டை ஸ்பெயின் ஆண்டுவந்த காலம். அங்கே சுக்கிசாக்கா பகுதியில் 1780ஆம் ஆண்டு பிறந்தவர் ஹுவானா அசுர்துய். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரை உறவினர் கன்னியர் மடத்தில் சேர்த்தனர். அடங்காத பெண் என்று பதினேழாம் வயதில் வெளியே அனுப்பிவிட்டார்கள்! (மடத்தாரைக் குறை சொல்வதற்கில்லை, தோழியரே. தந்தையோடு குதிரையேறித் திரிந்து வளர்ந்த பெண் அவர்.)

பின்னர் மனுவேல் பாடில்யா என்பவரை மணந்தார். 1809 மே 25 அன்று சுக்கிசாக்காவில் புரட்சி வெடித்தது. கணவரும் மனைவியும் விடுதலைப் போரில் இறங்கினர். ஹுவானாவுக்குப் பழங்குடியினரின் கெச்சுவா மொழி நன்றாகத் தெரியும். ஆகவே அம்மக்கள் நம்பிக்கையோடு அவர் பின்னே திரண்டனர். 1816இல் ஒரு சண்டையில் பகைவரின் கொடியையே கைப்பற்றினார். தளபதி பெல்கிரானோவின் பரிந்துரைப்படி லெப்டினன்ட் கர்னல் பதவி அவரை வந்தடைந்தது.

ஆனால் அவர் இழந்தவை எத்தனை! பதுங்கி அலைந்த நாட்களில் நான்கு குழந்தைகளைக் காய்ச்சலுக்கும் பசிக்கும் பறிகொடுத்தார். பதவி பெற்ற அதே ஆண்டு செப்டம்பரில் கணவரும் கொல்லப்பட்டார். அந்தத் தாயுள்ளம் எப்படித்தான் தாங்கியதோ! அதன் பிறகும் அவர் வாளைக் கீழே வைக்கவில்லை.

1825இல் நாடு விடுதலை பெற்றது. சைமன் பொலிவாரே அவர் வீடு தேடி வந்து, கர்னலாக உயர்த்தி, உபகாரச் சம்பளமும் அளித்தார். பிற்காலத்தில் அதுவும் நின்றுபோயிற்று. 1862இல், புரட்சி தொடங்கிய அதே மே 25ஆம் நாள், வறுமையில் உயிர்நீத்தார். பொதுக் குழியில் அடக்கம் செய்தனர். அர்ஜென்டீனா அரசு அவருக்கு ஜெனரல் பதவி வழங்கியது 2009ஆம் ஆண்டில்.